ஜெபப் புத்தகம் போன வழியில் வந்த பத்திரிகை: லித்துவேனியாவின் 40 ஆண்டு அச்சுத் தடை

1864 முதல் 1904 வரை நாற்பது ஆண்டுகள், ரஷ்யப் பேரரசுக்குள் லித்துவேனிய மொழியை லத்தீன் எழுத்தில் அச்சிடக் கூடாது, விற்கக் கூடாது, வைத்திருக்கவும் கூடாது. பேசத் தடையில்லை. அதே மொழியை ரஷ்யர்களின் சிரிலிக் எழுத்தில் அச்சிடவும் தடையில்லை. அரசே செலவு செய்து அப்படி அச்சிட்டுக் கொடுத்தது. மக்கள் அதைத் தொட மறுத்தார்கள். எல்லைக்கு அப்பால், ஜெர்மானியர் ஆண்ட கிழக்குப் பிரஷ்யாவில் அச்சான புத்தகங்களையும் பத்திரிகைகளையும் இருட்டில் முதுகில் சுமந்து கொண்டுவந்து படித்தார்கள். தடை தொடங்கியபோது குடியானவர்களின் பேச்சு என்று மட்டுமே பார்க்கப்பட்ட மொழி, தடை முடிந்தபோது தனக்கென்று இலக்கணமும் பத்திரிகைகளும் அரசியல் கோரிக்கையும் உள்ள மொழியாகியிருந்தது.

இந்த வரலாற்றைச் சொல்பவர்கள் பெரும்பாலும் புத்தகம் சுமந்தவர்களின் துணிச்சலைச் சொல்வார்கள். அந்தத் துணிச்சல் உண்மை, அதைக் குறைத்துப் பேச முடியாது. ஆனால் எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது எது முதலில் வந்தது, எது பிறகு வந்தது என்கிற வரிசை. முதலில் வந்தது ஜெபப் புத்தகம். ஏறக்குறைய இருபது ஆண்டு கழித்துத்தான் பத்திரிகை வந்தது. ஜெபப் புத்தகத்துக்காகப் போட்ட பாதை மட்டும் இல்லாமல் இருந்திருந்தால், வெளியூர்களில் இருந்த சில மருத்துவர்களும் மாணவர்களும் நடத்திய அந்தச் சிறு பத்திரிகைகள் அச்சகத்திலேயே கட்டுக்கட்டாகக் கிடந்து மட்கியிருக்கும்.

கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம். லித்துவேனியா ஒரு காலத்தில் பெரிய அரசு. 1569-இல் போலந்தோடு சேர்ந்து ஒரே கூட்டரசானது. 1795-இல் அண்டை வல்லரசுகள் அந்தக் கூட்டரசைப் பங்குபோட்டபோது லித்துவேனியாவின் பெரும்பகுதி ரஷ்யாவிடம் போனது. அதற்குள் நிலவுடைமையாளர்கள் போலிஷ் பேசப் பழகிவிட்டிருந்தார்கள். படிப்பு, நாகரிகம், பதவி எல்லாமே போலிஷ் வழியாகத்தான். லித்துவேனிய மொழி வயலிலும் அடுப்படியிலும் இருந்தது, கோயில் பாட்டில் இருந்தது. 1830-31-இல் ஒரு கிளர்ச்சி நடந்தது. அதற்குத் தண்டனையாக 1832-இல் வில்னியஸ் பல்கலைக்கழகத்தை ரஷ்ய அரசு மூடியது. 1863-இல் இரண்டாவது பெரிய கிளர்ச்சி. இதில் நிலவுடைமையாளர்களோடு லித்துவேனியக் குடியானவர்களும் பாதிரியார்களும் சேர்ந்தார்கள். அதை அடக்க வந்த ஆளுநர் மிகயில் முரவியோவுக்குத் 'தூக்குப்போடுபவர்' என்ற பெயர் நிலைத்துவிட்டது. அவர் காலத்தில்தான் தடை தொடங்குகிறது.

தடைக்குப் பின்னால் இருந்த கணக்கைப் புரிந்துகொள்வது அவசியம். அன்றைய அதிகாரிகளின் கண்ணில் எதிரி லித்துவேனியர்கள் அல்ல, போலந்துக்காரர்கள்தான். லித்துவேனியக் குடியானவர்களை போலிஷ் பண்பாட்டின் பிடியிலிருந்து வெளியே இழுத்தால் அவர்கள் நாளடைவில் ரஷ்யாவோடு கலந்துவிடுவார்கள் என்று நம்பினார்கள். லித்துவேனியத்தைச் சிரிலிக் எழுத்தில் எழுதலாம் என்ற யோசனையை அலெக்சாந்தர் ஹில்ஃபெர்டிங் போன்ற ஸ்லாவிய மொழி அறிஞர்களே முன்வைத்தார்கள். லத்தீன் எழுத்து என்றால் போலிஷ் எழுத்து, போலிஷ் எழுத்து என்றால் கத்தோலிக்கம், கத்தோலிக்கம் என்றால் கிளர்ச்சி என்று ஒரு சங்கிலி அவர்கள் மனதில் ஓடியது. 1864-இல் முரவியோவ் தொடங்கியதை, அடுத்து வந்த ஆளுநர் கவுஃப்மன் 1865-இல் இறுக்கினார். உள்துறை அமைச்சர் வலுயேவ் அதைப் பேரரசு முழுவதற்கும் விரித்தார். அடுத்து ஜார் மன்னரின் வாய்மொழி ஆணை. 1872-இல் பிரஷ்யாவில் அச்சான லித்துவேனியப் புத்தகங்களை உள்ளே கொண்டுவருவதும் தடையானது. இவை எதுவும் முறைப்படி இயற்றப்பட்ட சட்டம் அல்ல, எல்லாம் நிர்வாக ஆணைகள். அன்று இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கடைசியில் தடையை உலுக்கியதில் இந்த ஓட்டைக்கும் பங்கு உண்டு.

பக்கத்தில் இருந்த லாத்வியர்களைப் பார்த்தால் இந்தக் கணக்கு இன்னும் தெளிவாகும். அவர்களில் பெரும்பாலோர் லுத்தரன் சபையினர், மொழியை ஜெர்மானிய பாணி எழுத்தில் அச்சிட்டார்கள். அவர்களை யாரும் தடுக்கவில்லை. ஆனால் லாத்வியாவின் கிழக்கில், கத்தோலிக்கர்கள் வாழும் லாத்காலே பகுதியின் மொழிக்கு இதே நாற்பது ஆண்டுத் தடை விழுந்தது. உக்ரேனிய மொழியிலோ எழுத்தைத் தொடவில்லை, மொழியையே தொட்டார்கள். 1863-இல் அதே வலுயேவ் பிறப்பித்த சுற்றறிக்கை உக்ரேனியத்தில் பாடநூலும் மதநூலும் அச்சிடுவதை நிறுத்தியது.

எழுத்தை மட்டும் மாற்றினால் மக்கள் ஏற்பார்கள் என்று நினைத்தது பெரிய தப்புக்கணக்கு. லித்துவேனியக் குடியானவருக்குச் சிரிலிக் என்பது வெறும் எழுத்துருவாகத் தெரியவில்லை, ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் சபையின் அடையாளமாகத் தெரிந்தது. அந்த எழுத்தில் வந்த ஜெபப் புத்தகத்தைக் கையில் எடுத்தால் பிள்ளைகள் மதம் மாற்றப்படுவார்கள் என்று பயந்தார்கள். கிளர்ச்சிக்குப் பின் கத்தோலிக்கக் கோயில்களையும் மடங்களையும் அரசு மூடிவந்த காலம் அது, எனவே பயத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்றார்கள். நாற்பது ஆண்டுகளில் சிரிலிக் எழுத்தில் வந்த லித்துவேனியப் புத்தகங்கள் மொத்தம் அறுபதை ஒட்டித்தான் இருக்கும். ஒரு பேரரசின் பணமும் பள்ளிக்கூடமும் காவல்துறையும் பின்னால் இருந்தும் அவ்வளவுதான்.

இங்கேதான் ஆயர் மோதியேயுஸ் வலான்ச்சுஸ் வருகிறார். 1850 முதல் மேற்கு லித்துவேனியாவில் உள்ள ஷெமைதியா மறைமாவட்டத்தின் ஆயர், குடியானவர் குடும்பத்தில் பிறந்தவர். 1858 வாக்கில் இவர் தொடங்கிய மதுவிலக்கு இயக்கம் ஊர் ஊராகப் பரவியிருந்தது. அதனால் கிராமங்களை ஒருங்கிணைக்கும் அனுபவம் இவரிடம் ஏற்கெனவே இருந்தது. தடை வந்ததும் முதலில் வெளிப்படையாக மோதவில்லை. 1860-களின் பிற்பகுதியில், கிழக்குப் பிரஷ்யாவில் ஜெபப் புத்தகங்களையும் சிறு நூல்களையும் அச்சிட ரகசியமாக ஏற்பாடு செய்தார். பணம் திரட்டினார், தாமே எழுதினார், பாதிரியார்கள் வழியாக விநியோகிக்கச் சொன்னார். அரசு கண்டுபிடித்துச் சிலரைத் தூரதேசங்களுக்கு நாடு கடத்தியது. 1875-இல் ஆயர் இறந்தார். ஆனால் பாதை நின்றுபோகவில்லை. ஆயரின் ஏற்பாட்டில் சுமந்தவர்களும், அவர்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டவர்களும் அதைத் தங்கள் தொழிலாகவே ஆக்கிக்கொண்டார்கள்.

எல்லைக்கு அந்தப் பக்கம் நிலைமை எப்படி? கிழக்குப் பிரஷ்யாவின் வடபகுதியில் லித்துவேனியர்கள் நூற்றாண்டுகளாக வாழ்ந்துவந்தார்கள். இவர்கள் லுத்தரன் சபையினர், ஜெர்மானிய ஆட்சிக்குப் பழகியவர்கள். உலகின் முதல் லித்துவேனிய அச்சுப் புத்தகமே இங்கே, கோனிக்ஸ்பர்க் நகரில், 1547-இல் மார்தினாஸ் மஜ்வீதாஸ் வெளியிட்ட ஞானோபதேச நூல்தான். ஆகவே அச்சகங்கள் இருந்தன, லித்துவேனிய மொழி தெரிந்த அச்சுக்கோப்பவர்கள் இருந்தார்கள். நேமுனாஸ் ஆற்றங்கரையில் உள்ள தில்சித், ராக்னித் நகரங்களும் கடலோர மேமலும் இந்த வேலைக்கு மையங்களாயின. தில்சித்தில் மவுதெரோதே போன்ற ஜெர்மானிய அச்சக உரிமையாளர்களுக்கு இது நல்ல வியாபாரம். ஜெர்மனியில் இதை அச்சிடுவது குற்றமில்லை, விற்பதும் குற்றமில்லை. தேசப்பற்று ஒரு பக்கம், லாபம் ஒரு பக்கம் என்று இரண்டும் சேர்ந்து இயங்கியதால்தான் நாற்பது ஆண்டு தாக்குப்பிடித்தது என்பேன். வெறும் தியாகத்தால் அவ்வளவு காலம் ஓட்ட முடியாது.

அச்சகத்தார் செய்த ஒரு தந்திரம் இங்கே சொல்லத்தக்கது. பல புத்தகங்களின் முகப்பில் தடைக்கு முந்தைய ஆண்டையும் வில்னியஸில் இருந்த பழைய அச்சகத்தின் பெயரையும் போட்டார்கள். காவலர் பிடித்தால், 'இது பழைய புத்தகம், அப்பா காலத்தில் வாங்கியது' என்று சொல்லலாம் அல்லவா? அதனால் 1863 என்று அச்சிட்டிருக்கும் ஜெபப் புத்தகம் உண்மையில் பத்து இருபது ஆண்டு கழித்து வந்ததாக இருக்கலாம்.

புத்தகம் சுமந்து வருபவர்களுக்கு லித்துவேனியத்தில் க்னிக்னெஷிஸ் என்று பெயர். எல்லையில் ரஷ்யக் காவலர்கள் ஒரு வரிசைக்குப் பின் இன்னொரு வரிசையாக நின்றார்கள். அதைத் தாண்டி உள்ளே வந்தாலும் சந்தைகளிலும் சாலைகளிலும் காவல்துறை தேடியது. எல்லையோரக் கிராமங்களில் கள்ளக்கடத்தல் புதிதல்ல, தேயிலையும் சாராயமும் துணியும் அந்த வழியாக ஏற்கெனவே போய்வந்தன. புத்தகமும் அந்த வழிகளிலேயே சேர்ந்துகொண்டது. எல்லையோர யூத வணிகர்களும் இதில் உதவினார்கள். இரவில் சாக்கு மூட்டையில், வைக்கோல் வண்டியின் அடியில், பெண்களின் பாவாடை மடிப்பில் என்று எப்படி முடியுமோ அப்படிக் கொண்டுவந்தார்கள். காவலருக்கு லஞ்சமும் கொடுத்தார்கள். பிடிபட்டால் அபராதம், சிறை, வடரஷ்யாவுக்கோ சைபீரியாவுக்கோ நாடுகடத்தல். எல்லையில் சுடப்பட்டு இறந்தவர்களும் உண்டு. உச்ச காலத்தில் ஆண்டுக்கு 30,000 முதல் 40,000 பிரதிகள் வரை உள்ளே வந்தன என்பது ஒரு மதிப்பீடு. அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு காவலர் கையில் சிக்கியது.

இவர்களில் யுர்கிஸ் பியெலினிஸின் பெயரை லித்துவேனியப் பள்ளிக்குழந்தைகள்கூடச் சொல்வார்கள். 1846-இல் பிறந்தவர். தனியாகச் சுமந்ததோடு நிற்காமல், 1885 வாக்கில் கார்ஷ்வியாய் என்ற ஊரை மையமாக வைத்து ஒரு சங்கத்தையே நடத்தினார். உறுப்பினர்கள் பணம் போட்டு மொத்தமாக வாங்குவார்கள், சுமப்பவர்கள் எல்லையிலிருந்து கொண்டுவருவார்கள், கிராமம் கிராமமாகப் பிரித்துக் கொடுப்பார்கள். சங்கத்தைக் காவல்துறை பத்து ஆண்டுக்குள் கண்டுபிடித்துப் பலரை நாடு கடத்தியது. பியெலினிஸ் மட்டும் பலமுறை தப்பினார். பத்திரிகைகளில் எழுதவும் செய்தார். தடை நீங்கியதையும் பார்த்துவிட்டு 1918-இல் காலமானார். அவர் பிறந்த மார்ச் 16, இன்று லித்துவேனியாவில் புத்தகம் சுமந்தவர்கள் நாள்.

வந்த புத்தகத்தைப் படிக்க ஆள் வேண்டுமே? அரசுப் பள்ளிகளில் கற்பித்தல் ரஷ்ய மொழியில். பெற்றோர் பிள்ளைகளை அங்கே அனுப்பத் தயங்கினார்கள். அதற்குப் பதிலாக வீட்டிலேயே அம்மா ராட்டையில் நூல் நூற்றுக்கொண்டே பக்கத்தில் உட்காரவைத்து எழுத்துக் கூட்டச் சொல்லிக்கொடுத்தாள். இந்தக் காட்சியை பெத்ராஸ் ரிம்ஷா 1906-இல் சிற்பமாகச் செய்தார், அது இன்றும் லித்துவேனியர்களின் மனதில் அந்தக் காலத்தின் அடையாளம். இன்னொரு வழி, ஊர் ஊராகப் போய் ஒவ்வொரு வீட்டிலும் சில நாள் தங்கி, சாப்பாட்டுக்கும் சிறு கூலிக்கும் கற்றுக்கொடுத்த நாடோடி ஆசிரியர்கள். பிடிபட்டால் அவர்களுக்கும் தண்டனைதான். 1897 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் லித்துவேனியர் நிறைந்த கோவ்னோ மாகாணத்தில் பத்து வயதுக்கு மேற்பட்டவர்களில் பாதிப் பேருக்கும் மேல் எழுத்தறிவு பெற்றிருந்தார்கள். பேரரசின் சராசரி அதில் பாதியை ஒட்டித்தான் இருந்தது. தடைபட்ட எழுத்தை ரகசியமாகக் கற்ற மக்களின் நிலை இது.

இந்த மக்கள் கற்றது ஜெபப் புத்தகத்தைப் படிப்பதற்காக. அரசியலுக்காக அல்ல, தேசத்துக்காக அல்ல. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் கையில் ஒரு புத்தகம் வேண்டும், அது தாத்தா பாட்டி பிடித்திருந்த எழுத்தில் இருக்க வேண்டும். அவ்வளவே. பின்னால் தேசிய இயக்கம் என்று பெருமையாகப் பேசப்பட்டதற்கெல்லாம் அடித்தளம் இந்த எளிய பிடிவாதம்தான். வரலாற்று நூல்கள் இதைச் சீக்கிரம் கடந்துபோய்ப் பத்திரிகை ஆசிரியர்களின் பெயர்களுக்கு வந்துவிடுகின்றன என்பது என் வருத்தம்.

சரி, அந்த ஆசிரியர்கள் எங்கிருந்து வந்தார்கள்? இதிலும் ரஷ்ய அரசின் கை இருக்கிறது. நேமுனாஸ் ஆற்றுக்குத் தெற்கே உள்ள சுவால்கியா பகுதி நிர்வாக ரீதியாகப் போலந்து அரசியம் என்ற, ரஷ்ய ஜாரின் கீழ் இருந்த தனி ஆட்சிப் பகுதியில் இருந்தது. நெப்போலியன் காலத்திலேயே, 1807-இல், அங்கே பண்ணையடிமை முறை நீக்கப்பட்டது. மற்ற பகுதிகளில் அது 1861 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதனால் சுவால்கியாவில் வசதியான குடியானவர்கள் முன்பே உருவானார்கள். பிள்ளைகளைப் படிக்கவைக்க அவர்களால் முடிந்தது. போலிஷ் செல்வாக்கைக் குறைக்க நினைத்த அரசு, மரியம்போலே பள்ளியில் லித்துவேனிய மொழியை ஒரு பாடமாக வைத்தது. மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் படிக்க லித்துவேனிய மாணவர்களுக்கு உதவித்தொகையும் ஏற்படுத்தியது. ரஷ்யாவுக்கு விசுவாசமான படித்த வர்க்கம் உருவாகும் என்று எதிர்பார்த்தார்கள். தங்கள் மொழியைப் பற்றிப் பெருமைப்படும் படித்த வர்க்கம் உருவானது. படித்து முடித்தவர்கள் கத்தோலிக்கர்கள் என்பதால் சொந்த மண்ணில் அரசு வேலை கிடைக்கவில்லை. பாதிரியாராக வேண்டும், இல்லையென்றால் மருத்துவம், வக்கீல் தொழில் என்று யாரையும் சார்ந்திராத பிழைப்பைத் தேட வேண்டும். இந்தப் பத்திரிகைகளின் வரலாற்றில் இத்தனை மருத்துவர்கள் வருவதற்கு இதுதான் காரணம்.

முதலாமவர் யோனாஸ் பசனாவிச்சுஸ். 1851-இல் சுவால்கியாவில் ஒரு குடியானவர் வீட்டில் பிறந்து, மரியம்போலேயில் படித்து, மாஸ்கோவில் மருத்துவம் முடித்தவர். பிழைப்புக்காகப் பல்கேரியா போனார், பிறகு பிராகா நகரில் இருந்தார். அங்கிருந்தபடிதான் 1883-இல் 'அவுஷ்ரா' என்ற மாத இதழைத் தொடங்கினார். பெயருக்கு விடியல் என்று பொருள். ஆசிரியர் பிராகாவில், அச்சு பிரஷ்யாவின் ராக்னித்தில், வாசகர்கள் ரஷ்யாவில். அன்றைய தபாலில் இது எப்படி நடந்தது என்று யோசித்துப் பாருங்கள். யுர்கிஸ் மிக்ஷாஸ், யோனாஸ் ஷ்லியுபாஸ், மார்தினாஸ் யான்குஸ் ஆகியோர் பிரஷ்யாவில் இருந்து நடைமுறை வேலைகளைக் கவனித்தார்கள். வரலாறு அறியாதவர்கள் என்றும் குழந்தைகளே என்ற லத்தீன் பழமொழியை முதல் இதழில் போட்டார்கள். பழைய லித்துவேனிய அரசர்களின் கதைகள், மொழியின் தொன்மை, நாட்டுப்பாடல், கவிதை, விவசாயக் குறிப்பு என்று உள்ளடக்கம் கலவையாக இருந்தது. ஐரோப்பிய மொழியியலாளர்கள் சமஸ்கிருதத்தோடு ஒப்பிட்டு லித்துவேனியத்தைப் போற்றிக்கொண்டிருந்த காலம் அது. குடியானவர் பேச்சு என்று ஒதுக்கப்பட்ட மொழிக்கு அந்த மதிப்பு பெரிய தெம்பு.

அவுஷ்ரா நீடித்தது மூன்றே ஆண்டு. மொத்தம் 40 இதழ் எண்கள், ஒவ்வொன்றும் ஆயிரத்தை ஒட்டிய பிரதிகள். 1886-இல் முடிந்துவிட்டது. பணமில்லை, கடன் ஏறியது, ஆசிரியர்கள் சிதறினார்கள். ஷ்லியுபாஸ் அமெரிக்காவுக்குப் போய்விட்டார். அதைவிட முக்கியமான காரணம், பாதிரியார்கள் அதை விரும்பவில்லை. கிறிஸ்தவத்துக்கு முந்தைய காலத்தைப் புகழ்கிறது, மதத்தைப் பற்றி விமர்சனமாக எழுதுகிறது என்று கோபப்பட்டார்கள். பத்திரிகையை வீட்டுக்கு வீடு சேர்க்கும் பாதையோ பெரும்பாலும் பாதிரியார்களின் கையில் இருந்தது. பாதையை வைத்திருப்பவரைப் பகைத்தால் பத்திரிகை எப்படிப் போய்ச் சேரும்? அவுஷ்ராவின் தோல்வியில் இந்தப் பாடம் இருந்தது, அடுத்து வந்தவர்கள் அதைக் கவனித்தார்கள்.

ஆனால் அது ஒரு வாசகரைப் பிடித்துவிட்டது. வின்சாஸ் குதிர்கா, 1858-இல் பிறந்தவர், சுவால்கியாக்காரர், வார்சாவில் மருத்துவ மாணவர். படித்தவன் என்றால் போலந்துக்காரன் என்று தானும் நம்பிப் போலிஷ் பேசித் திரிந்தவர். அவுஷ்ராவின் முதல் இதழைப் படித்தபோது தலை குனிந்ததையும், தாய்நாடு தன்னை 'இதுவரை எங்கே இருந்தாய்' என்று கேட்பதுபோல உணர்ந்ததையும், மேசைமேல் கவிழ்ந்து அழுததையும் பின்னாளில் அவரே எழுதினார். வார்சாவில் லித்துவேனிய மாணவர்கள் ரகசியச் சங்கம் அமைத்து 1889-இல் 'வர்பாஸ்' இதழைத் தொடங்கினார்கள். வர்பாஸ் என்றால் மணி. குதிர்கா அதன் உயிராக இருந்தார். ஷாக்கியாய் ஊரிலும், பிறகு பிரஷ்ய எல்லையை ஒட்டிய நவுமியெஸ்திஸ் ஊரிலும் மருத்துவம் பார்த்துக்கொண்டே பக்கம் பக்கமாக எழுதினார். காசநோயோடு போராடிக்கொண்டிருந்தவர். 1895-இல் கைதும் ஆனார்.

வர்பாஸ் அவுஷ்ரா மாதிரி அல்ல. பழம்பெருமையில் நேரம் செலவழிக்காமல் நடப்பைப் பேசியது. ரஷ்ய அதிகாரிகளின் அநியாயம், லஞ்சம், பள்ளிக்கூட நிலை, வியாபாரத்தில் இறங்க வேண்டிய தேவை எல்லாம் அதில் வந்தன. ஊர்களில் இருந்து பெயர் மறைத்து அனுப்பப்பட்ட கடிதங்களை வெளியிட்டது. என் பார்வையில் இந்தக் கடிதங்கள்தான் பத்திரிகையின் மிகப் பெரிய சாதனை. ஒரு கிராமத்தில் காவலர் செய்த கொடுமையை இன்னொரு கிராமத்தான் படிக்கிறான். தன் ஊரிலும் அதேதான் நடக்கிறது என்று உணர்கிறான். ஜெபப் புத்தகத்தால் இதைச் செய்ய முடியாது. ஒரே ஜெபம் எல்லா ஊரிலும் சொல்லப்படும், ஆனால் ஒரு ஊர்க்காரனுக்கு இன்னொரு ஊர்க்காரனைத் தெரியாது. மாதாமாதம் வரும் தாள் அந்த அறிமுகத்தைச் செய்துவைத்தது.

வர்பாஸில் வந்த எல்லாவற்றையும் போற்ற முடியாது. லித்துவேனியர் வியாபாரத்தில் இறங்க வேண்டும் என்ற பேச்சு பல இடங்களில் யூத வணிகர்கள் மீதான வெறுப்பாக மாறியது. குதிர்காவின் எழுத்திலேயே அது இருக்கிறது. எல்லையில் இதே பத்திரிகைகளைக் கொண்டுவர யூதர்களும் உதவினார்கள் என்பதை நினைத்தால் இது இன்னும் வலிக்கிறது. அவரைத் தேசியக் கவியாக மதிக்கும் இன்றைய லித்துவேனியர்களும் இந்தப் பக்கத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கடந்துவிடக் கூடாது.

1890-இல் வர்பாஸ்காரர்களே விவசாயிகளுக்கென்று எளிய நடையில் 'ஊக்கினின்காஸ்' என்ற இதழைத் தொடங்கினார்கள். பாதிரியார்களும் சும்மா இருக்கவில்லை. தங்களுக்கென்று பத்திரிகைகள் நடத்தினார்கள், அவற்றில் 1896-இல் தொடங்கிய 'தெவீனெஸ் சார்காஸ்' முக்கியமானது. அதை ஆசிரியராக இருந்து வளர்த்தவர் யுவோஸாஸ் துமாஸ், வைஜ்காந்தாஸ் என்ற புனைபெயரில் பின்னாளில் பெரிய எழுத்தாளரானவர். இரண்டு முகாம்களும் கடுமையாகச் சண்டை போட்டன. ஆனால் இரண்டும் ஒரே நகரங்களில் அச்சாகி, பெரும்பாலும் ஒரே முதுகில் ஏறி எல்லை தாண்டின. 1893 நவம்பரில் க்ராஜியாய் ஊரில் கோயிலை மூடவிடாமல் காத்து நின்ற மக்களைக் கோசாக்குப் படையினர் தாக்கினார்கள், ஒன்பது பேர் இறந்தார்கள். அப்போது முகாம் வேறுபாடு பெரிதாகத் தெரியவில்லை. செய்தி எல்லாப் பத்திரிகையிலும் வந்தது, வெளிநாடுகள் வரை போனது.

மொழிக்கு நடந்ததையும் சொல்ல வேண்டும். பத்திரிகை என்றால் எல்லா வட்டாரத்தாருக்கும் புரிய வேண்டும், எனவே பொது எழுத்து நடை தேவைப்பட்டது. தொடக்கத்தில் போலிஷ் பாணியில் இரண்டு எழுத்து சேர்த்து எழுதப்பட்ட ஒலிகளுக்கு, செக் மொழியைப் பார்த்து மேலே குறியிட்ட ஒற்றை எழுத்துகளைக் கொண்டுவந்தார்கள். அவுஷ்ரா தன் பெயரைக்கூட நடுவில் அப்படி மாற்றி எழுதியது. போலிஷ் பிடியிலிருந்து லித்துவேனியரை விடுவிப்பதாகச் சொல்லி அரசு எழுத்தையே பறித்தது. எழுத்தை விடாமலே போலிஷ் பாணியை அவர்களே களைந்தார்கள். யோனாஸ் யப்லோன்ஸ்கிஸ் தயாரித்த இலக்கணம் 1901-இல் தில்சித்தில், புனைபெயரில் அச்சானது. இன்றைய எழுத்து வழக்கின் அடித்தளம் அதுதான். ஜெமைதே போன்ற கிராமத்துப் பெண்கள் எழுத்தாளர்களானதும் இந்தத் தடைக்கால வெளியீடுகளில்தான்.

1898-இல் வர்பாஸின் ஆறாம் எண்ணில் குதிர்கா எழுதி இசையமைத்த ஒரு பாட்டு வந்தது. அடுத்த ஆண்டு நவம்பரில், 41 வயது நிறைவதற்குள், அவர் இறந்தார். அந்தப் பாட்டுதான் இன்று லித்துவேனியாவின் தேசிய கீதம். அவர் இறந்த ஊருக்கு இன்று குதிர்காஸ் நவுமியெஸ்திஸ் என்று பெயர்.

தடை எப்படி நீங்கியது? ஒரே காரணம் சொல்ல முடியாது. ஊர்களிலிருந்து மனுக்கள் போய்க்கொண்டே இருந்தன. 1900-இல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் தடைபட்ட லித்துவேனியப் புத்தகங்களையும் பத்திரிகைகளையும் காட்சிக்கு வைத்து, ரஷ்யாவின் பெயரை உலகத்துக்கு முன்னால் கேள்விக்குள்ளாக்கினார்கள். அதே ஆண்டு அந்தானாஸ் மத்சியாவுஸ்காஸ் என்ற பொறியாளர் பீட்டர்ஸ்பர்க்கில் லத்தீன் எழுத்தில் ஒரு லித்துவேனிய வரைபடத்தை அச்சிட்டார். அது பறிமுதல் செய்யப்பட்டது. அவர் விடவில்லை, வழக்குப் போட்டார். வழக்கு பேரரசின் உச்ச நீதி அமைப்பான செனட் வரை போனது. 1903-இல் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது: இந்தத் தடைக்குச் சட்ட ஆதாரமே இல்லை. நாற்பது ஆண்டு மனிதர்களை நாடு கடத்திய ஆணை, வெறும் வாய்மொழியிலும் சுற்றறிக்கையிலும் நின்றிருந்தது என்று அரசின் நீதிமன்றமே சொல்லிவிட்டது. வில்னியஸ் ஆளுநர் ஸ்வியாதபோல்க்-மிர்ஸ்கியும் தடையால் பயனில்லை என்று மேலிடத்துக்கு எழுதினார். தடையால் மக்கள் ரஷ்யாவைவிட்டு விலகியே போனார்கள், கள்ளப் பத்திரிகைகளில் அரசு எதிர்ப்பு வேறு தாராளமாக வந்தது. 1904 தொடக்கத்தில் ஜப்பானோடு போர் மூண்டது. மேற்கு எல்லையில் அமைதி வேண்டியிருந்தது. 1904 மே 7-இல், பழைய ரஷ்ய நாட்காட்டிப்படி ஏப்ரல் 24-இல், தடை நீக்கப்பட்டது.

அந்த டிசம்பரிலேயே பெத்ராஸ் விலெய்ஷிஸ் வில்னியஸில் 'வில்னியாவுஸ் ஜின்யோஸ்' என்ற நாளிதழைத் தொடங்கினார். பாலம் கட்டும் பொறியாளராகச் சம்பாதித்த பணத்தை அதில் கொட்டினார். தடையை எதிர்த்து நெடுங்காலம் மனுப் போட்டு வந்தவர் அவர். நாளிதழ் நஷ்டத்திலேயே ஓடி 1909-இல் நின்றது. ரகசியமாக மாதம் ஒருமுறை வாங்கிப் பழகிய கிராமத்து வாசகர், தினம் காசு கொடுத்து வாங்கும் நகரத்து வாசகராக உடனே மாறிவிடவில்லை. ஆனால் அதே தாளில்தான் பசனாவிச்சுஸும் நண்பர்களும் 1905 டிசம்பரில் வில்னியஸில் ஒரு பேரவைக்கு அழைப்பு விடுத்தார்கள். ஏறக்குறைய இரண்டாயிரம் பேர் ஊர்களிலிருந்து வந்து தன்னாட்சி கோரினார்கள். ஒருவரையொருவர் முன்பின் பார்த்திராத அந்த இரண்டாயிரம் பேரை ஒரே அழைப்பில் கூட்ட முடிந்தது, இருபது ஆண்டுப் பத்திரிகைப் பழக்கத்தால் என்று நினைக்கிறேன். 1918 பிப்ரவரி 16 சுதந்திரப் பிரகடனத்தில் முதல் கையெழுத்து பசனாவிச்சுஸுடையது.

இந்த முறை அப்படியே மறைந்துவிடவும் இல்லை. சோவியத் ஆட்சியில், 1972 மார்ச்சில், லித்துவேனியக் கத்தோலிக்கர்கள் மீதான அடக்குமுறைகளைப் பதிவு செய்யும் ஒரு ரகசிய இதழ் தட்டச்சுப் பொறியில் தொடங்கியது. சிகிதாஸ் தாம்கேவிச்சுஸ் என்ற பாதிரியார் ஆசிரியர். ஊர்களிலிருந்து வரும் செய்திகளை அப்படியே, பெயர், தேதி, இடத்தோடு பதிவு செய்தார்கள். பிரதிகளைக் கைமாற்றிக் கொடுத்தார்கள், படச்சுருளில் மேற்கு நாடுகளுக்கு அனுப்பினார்கள். பலர் சிறை போனார்கள். 1983-இல் ஆசிரியரையும் கைது செய்தார்கள். அப்போதும் வேறு பாதிரியார்கள் எடுத்து நடத்தினார்கள், 1989 வரை 81 எண்கள் வந்தன. சோவியத் உளவுத்துறையால் ஒரு எண்ணைக்கூட நிரந்தரமாக நிறுத்த முடியவில்லை.